கொசுவுக்கும் கதாநாயகிக்கும் நடுவில்

முதல் நாள் நாடகத்தில் கைதட்டல் இடைவிடாமல் விழுந்தது. கதாநாயகி வாயைத் திறக்கும் முன்பே விழுந்தது, திறந்த பிறகும் விழுந்தது. படகில் போன கணவன் திரும்பவில்லை என்ற செய்தி கேட்டு அவள் உறைந்து நிற்கும் இடத்தில்தான் மிக அதிகமாக விழுந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால், மேடை விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பலகை முன் உட்கார்ந்திருந்த லைட்டக்காவுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. எல்லாரும் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளை முடிந்து விளக்கைப் போட்டபோது நாற்காலிகளில் பாதி காலி. மீதி இருந்தவர்களும் நடிகர்களின் சொந்தக்காரர்கள். எழுந்து போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள்.

கடைகளுக்கும் வீடுகளுக்கும் வயரிங் செய்வது லைட்டக்காவின் பிழைப்பு. வாரக் கடைசியில் நாடகத்துக்கு வெளிச்சம் போடுவது அவள் உயிர். அவளைவிடப் பத்து வயது மூத்த ஒப்பனைக்காரர்கூட அவளை லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார். கதாநாயகி அவளுடைய தங்கை. பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள். நாடகத்தை எழுதி இயக்குகிறவர் தங்கையின் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மாலையானால் டைரக்டர். லைட்டக்காவின் கணவர் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றித் தரும் கடை வைத்திருந்தார். நாடகம் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் கிடையாது. டிக்கெட் கிழிப்பார், நாற்காலி போடுவார், மனைவி டீ கேட்டால் கொண்டுவந்து தருவார்.

நூலகத்தின் பின்பக்கத் தோட்டத்தை மூன்று வாரக் கடைசிகளுக்கு நூலகர் இலவசமாக விட்டுக்கொடுத்திருந்தார். பெரிய மரங்கள், ஒரு ஓரத்தில் மீன் வளர்க்கும் சின்னக் குளம், நடுவில் நல்ல புல்தரை. பகலில் பார்த்தால் சொர்க்கம்.

"ஹாலுக்கு மாத்திடலாம்," என்றார் டைரக்டர். நாடகம் முடிந்து எல்லாரும் நூலக வராந்தாவில் கை கால்களைச் சொறிந்தபடி நின்றிருந்தார்கள்.

"ஹால் கதவுல படகு நுழையாது," என்றாள் தங்கை. "அதோட, தலைக்கு மேல ட்யூப்லைட்ட வெச்சுக்கிட்டு அந்தக் கடைசி சீன நான் பண்ண மாட்டேன். எனக்கு வானம் வேணும்."

"வானத்துக்குக் கீழ உட்கார ஆள் வேணுமேம்மா!"

"கொசுவ நான் பாத்துக்கறேன்," என்றாள் லைட்டக்கா.

"எப்படி அண்ணி?"

"அது என் கவலை. நீங்க உங்க வசனத்தப் பாருங்க மாப்பிள்ளை. ரெண்டாவது சீன் இழுவையா இழுக்குது."

மறுநாள் காலையிலேயே அவள் மின்சாமான் கடைக்குப் போய் ஆறு கொசு லைட் வாங்கி வந்தாள். கையில் தூக்கிப் போகும் லாந்தர் மாதிரி இருந்தன. நடுவில் ஊதா விளக்கு, அதைச் சுற்றி மின்சாரம் ஓடும் கம்பி வலை, அடியில் செத்த பூச்சி விழ ஒரு தட்டு. சார்ஜ் போட்டால் மாலை முழுக்க எரியும். வயர் இழுக்க வேண்டாம், எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம். மாலையில் பார்வையாளர்களின் தலைக்கு மேலே கயிறு கட்டி ஆறையும் வரிசையாகத் தொங்கவிட்டாள். பார்க்க விழாப் பந்தல் மாதிரி அழகாக இருந்தது. டைரக்டரே வாயைப் பிளந்தார்.

இருட்டியதும் ஊரில் உள்ள சிறகு முளைத்த அத்தனையும் அங்கே வந்து சேர்ந்தன. அந்துப்பூச்சி, பச்சை வண்டு, ஈசல், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. படபடவென்று வெடித்தன. கதாநாயகி கடைசிக் காட்சியில் ஒரு வார்த்தை பேசாமல் படகைப் பார்த்து நிற்க வேண்டும். அந்த நிசப்தத்தில்தான் நாடகமே இருக்கிறது. சரியாக அப்போது ஒரு பெரிய அந்துப்பூச்சி வலையில் மோதி, புகைந்து, முன்வரிசையில் தடித்த கண்ணாடி போட்டிருந்த ஒரு அம்மாளின் மடியில் விழுந்தது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் குளத்து மீன்கள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும். இருட்டிலிருந்து ஒரு குரல், "அடுத்த ஆள வரச் சொல்லுங்க!" என்றது. கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே கொசுவும் அடித்தது.

தங்கை படகை விட்டு இறங்கி நேராக டிம்மர் பலகைக்கு வந்தாள். கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"அக்கா, இது நாடகமா, பட்டாசுக் கடையா?"

"திட்டு. திட்டிட்டுப் போய் முகத்தக் கழுவு."

"நான் அப்பவே சொன்னேன்..." என்று டைரக்டர் ஆரம்பித்தார்.

"நீங்க ஹால் சொன்னீங்க, இதச் சொல்லல. லைட் மேல தப்பில்ல மாப்பிள்ளை, மாட்டின இடம் தப்பு. அடுத்த சனிக்கிழமை பாருங்க."

அவள் குரலில் ஒரு சுருதிகூடக் குறையவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கணவர்தான் மெல்ல ஆரம்பித்தார். "பூச்சிக்கெல்லாம் பத்திரிகை வெச்சு, விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிடுச்சு."

"கூப்பிட்டது நான்தான். கொசு மட்டும் ஏன் அந்த விருந்துக்கு வரலன்னு பாக்கணும்," என்றாள் லைட்டக்கா.

திங்கட்கிழமை காலை இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். அவள் புல்லில் பழைய செய்தித்தாளை விரித்து, ஆறு தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். குவியல் குவியலாக அந்துப்பூச்சி, வண்டு, ஈசல். கொசு என்று தேடினால் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை.

அவள் குந்தி உட்கார்ந்து யோசித்தாள். வெளிச்சம் கூப்பிட்டால் வெளிச்சத்தை விரும்புகிறவன்தான் வருவான். கொசுவுக்கு வேண்டியது மனிதனின் மூச்சும் வேர்வையும் ரத்தமும். அத்தனை பேரை வரிசையாக உட்கார வைத்துவிட்டு ஊதா விளக்கைக் காட்டினால் அது எதற்கு விளக்கிடம் போகிறது? ஆக, விளக்கின் வேலை வேறு, கொசுவை ஒழிக்கும் வழி வேறு. இரண்டையும் பிரித்தாயிற்று என்றதும் அவளுக்குப் பசி வந்துவிட்டது.

"சரி, கொசு எங்கிருந்து வருது? குளமா?"

"குளத்துல மீன் இருக்கு. புழு வந்தா தின்னுடும்," என்றபடி கணவர் மேடைப் பக்கம் போனார். உட்கார இடம் தேடிப் படகின் விளிம்பில் சாய்ந்தவர் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து அவள் பார்த்து நாளாகிறது.

"இங்க வா. வந்து பாரு. உன் தங்கச்சி படகுக்குக் கீழ பெரிய குடித்தனமே நடக்குது."

படகை டைரக்டர் ஒரு அகலமான தகரத் தொட்டியில் நிறுத்தியிருந்தார். தொட்டியில் நிஜத் தண்ணீர். தாழ்வாக வைத்த விளக்கின் ஒளி அதில் பட்டுத் தெறித்து, கதாநாயகியின் முகத்தில் அலை அலையாக நெளியும். லைட்டக்கா இந்த நாடகத்துக்குச் செய்த வெளிச்சத்திலேயே அவளுக்கு மிகப் பிடித்தது அதுதான். ஒத்திகை தொடங்கியபோது ஊற்றிய தண்ணீரை யாரும் மாற்றவே இல்லை. இப்போது அதில் வேறு அலை நெளிந்துகொண்டிருந்தது. தொட்டி முழுக்கக் கொசுப் புழுக்கள், துள்ளித் துள்ளி மேலே வந்து மூச்சு வாங்கிப் போயின.

அவள் அங்கிருந்தே டைரக்டருக்குப் போன் போட்டாள். பள்ளி இடைவேளைச் சத்தத்துக்கு நடுவில் அவர் அலறினார்.

"ஐயோ, தண்ணியக் கொட்டிடாதீங்க அண்ணி! அந்த அலைதான் நாடகத்தோட உயிரே!"

"ஒரு உயிரா இருந்தா விட்டுடுவேன். இங்க ஆயிரக்கணக்குல இருக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுசா ஊத்தி, முடிஞ்ச உடனே கொட்டிடணும். அலை அப்படியே இருக்கும், புழு இருக்காது."

"அவ்வளவு தண்ணிய தினம் யாரு ஊத்தறது?"

"எழுதினவர் ஊத்துவார்."

அந்த வாரம் முழுக்க அவள் வேலை முடிந்ததும் தோட்டத்துக்கு வந்தாள். தொட்டியைக் கவிழ்த்து, பக்கங்களில் முட்டை ஒட்டியிருக்கும் என்று நாரும் பவுடரும் போட்டுத் தேய்த்தாள். பூந்தொட்டிகளின் கீழ்த் தட்டுகள், உடைந்த வாளி, சருகு அடைத்துத் தேங்கி நின்ற கூரைத் தண்ணீர்க் குழாய் என்று ஒன்றையும் விடவில்லை. நூலகர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஏணி பிடிக்க வந்துவிட்டார்.

கணவர் கடையில் சும்மா நின்ற நான்கு நிற்கும் மின்விசிறிகளை வண்டியில் ஏற்றி வந்தார். கொசுவுக்குப் பலமான காற்றில் பறக்க வராது. அதிலும் அது தேடிப்போவது கணுக்காலை. ஆகவே விசிறிகளைக் குட்டையாக இறக்கி, நாற்காலிகளின் காலடியைக் குறுக்கே வருடிப்போகும்படி திருப்பினாள். கொசு லைட்டுகளுக்குத் தோட்டத்தின் மறுகோடியில், புதர்களுக்கு அப்பால் இடம் ஒதுக்கினாள். நாடகம் தொடங்க வெகு முன்னாலேயே அவை எரிய ஆரம்பித்துவிட வேண்டும். மேடை விளக்கைத் தேடி வரும் அந்துப்பூச்சிக் கூட்டம் முதலில் அங்கே திரும்பிவிடும். வெடிக்கிற சத்தமும் அங்கேயே நின்றுவிடும்.

"விசிறி சத்தத்துல என் குரல் எடுபடுமா?" என்று தங்கை உதட்டைப் பிதுக்கினாள்.

"பல்லு பிடுங்கறப்ப கத்தறவங்களயே நீ ஒரு அதட்டுல உட்கார வெக்கறவ. இதுக்கு எடுபடாதா? கடைசி சீனுக்கு நான் விசிறியக் குறைச்சுத் தரேன். மத்ததுக்குக் குரலத் தூக்கு."

சனிக்கிழமை மாலை, கதவு திறக்கும் முன், கையில் ஆளுக்கொரு கொசு பேட்டுடன் லைட்டக்காவும் கணவரும் டைரக்டரும் இறங்கினார்கள். தொட்டியைக் கொட்டியாயிற்று என்றாலும் ஏற்கனவே பறக்கத் தொடங்கியவை புதருக்குள்ளும் நாற்காலிக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடித்தான் போக வேண்டும். டைரக்டர் முதலில் பேட்டைத் தயங்கித் தயங்கிப் பிடித்தார். ஒரு நாற்காலிக்கு அடியில் நீட்டினார். சடசட என்றது. முகம் மலர்ந்தது. அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. வரிசை வரிசையாகக் குனிந்து வீசிக்கொண்டே போனார்.

"இந்த வேகத்துல நீங்க ரெண்டாவது சீன வெட்டியிருந்தா நாடகம் எப்பவோ உருப்பட்டிருக்கும் சகலை," என்றார் லைட்டக்காவின் கணவர். நாடகம் பற்றி அவர் சொன்ன முதல் கருத்து அதுதான். டைரக்டர் பேட்டுடன் நிமிர்ந்து அவரையே பார்த்தார். பிறகு ஒப்பனை அறைக்குப் போய் நான்கு வசனத்தை அடித்துவிட்டு வந்தார்.

கூட்டம் குறைவாகத்தான் வந்தது. வந்தவர்கள் சால்வை, களிம்பு, கையில் மடித்த செய்தித்தாள் என்று போருக்குத் தயாராக வந்திருந்தார்கள். அந்தக் கண்ணாடி அம்மாளும் வந்திருந்தார். லைட்டக்காவைக் கண்டதும், "இன்னிக்கும் ஏதாவது மடியில விழுமா?" என்றார்.

"உங்க கண்ணீர் விழும். கைக்குட்டை வெச்சிருக்கீங்களா?"

நாடகம் தொடங்கியது. விசிறிகள் மெல்ல இரைந்தன. தங்கையின் குரல் அந்த இரைச்சலின் மேல் ஏறி நின்று, கடைசி வரிசை வரை கணீரென்று வந்தது. தொலைவில் புதருக்கு அப்பால் ஊதா வெளிச்சம் அவ்வப்போது மின்னியது. சத்தம் இங்கே எட்டவில்லை. முதல் காட்சியில் இரண்டொருவர் பழக்க தோஷத்தில் கையைத் தட்டிக்கொண்டார்கள். பிறகு அதுவும் நின்றது. மடித்த செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாக நாற்காலிக்கு அடியில் இறங்கின. இடைவேளைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசிக் காட்சி. லைட்டக்கா கை காட்ட, கணவர் விசிறிகளைக் குறைத்தார். அவள் மற்ற விளக்குகளைச் சிறுகச் சிறுக இறக்கி, தொட்டி விளக்கை மட்டும் ஏற்றினாள். புதுத் தண்ணீரின் அலை தங்கையின் கழுத்திலும் கன்னத்திலும் நெளிந்தது. கணவனின் படகு வெறுமையாக வந்து நிற்கிறது. தங்கை அதன் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் லைட்டக்கா அதைப் பார்த்தாள். அத்தனை வேட்டைக்கும் தப்பிய ஒரே ஒரு கொசு, தங்கையின் நீட்டிய முன்கையில் வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் நேராக அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. முன்வரிசைக்கும் தெரிந்திருக்கும். லைட்டக்காவின் விரல் டிம்மரின் மேல் இருந்தது. ஒரு இழு இழுத்தால் கையை இருட்டில் ஒளித்துவிடலாம். அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

தங்கை அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. கொசு நிதானமாகக் குடித்தது. ரத்தம் போனாலும் உணராத அளவுக்கு எங்கோ போய்விட்ட ஒரு பெண்ணைத் தோட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கொசு குடித்து முடித்து, கனத்துப் போய் எழுந்து, இருட்டுக்குள் போனது. அதன் பிறகே அவள் படகுக்குள் காலை வைத்தாள். விளக்கு அணைந்தது.

பிறகு கண்ணாடி அம்மாள்தான் முதலில் எழுந்து கைதட்டினார். கைக்குட்டை விரல்களுக்கிடையில் ஆடியது. கூட்டம் முழுக்க எழுந்தது.

ஒப்பனை அறையில் தங்கை முன்கையைப் பரக்பரக்கென்று சொறிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா அக்கா?"

"பாத்தேன்."

"லைட்ட இறக்கிடுவேன்னு நினைச்சேன்."

"இறக்கத்தான் போனேன். உன் மூஞ்சியப் பாத்தேன், வேண்டாம்னு விட்டுட்டேன். இந்தா, களிம்பு போடு."

தங்கை அவள் தோளில் சாய்ந்து, களைப்பும் சந்தோஷமுமாகச் சிரித்தாள்.

வெளியே டைரக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டித் தண்ணீரைச் செடிகளுக்கு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் ஆட்டத்துக்கு எல்லா நாற்காலிக்கும் முன்பதிவு வந்துவிட்டது என்று ஒவ்வொரு வாளிக்கும் ஒரு முறை எல்லாருக்கும் சொன்னார். லைட்டக்கா மறுகோடிக்குப் போய்க் கொசு லைட்டுகளை அணைத்துத் தட்டுகளைத் துடைத்தாள். நூலகர் அவள் பின்னாலேயே வந்தார்.

"உங்க நாடகம் முடிஞ்சதும் சாயந்திரத்துல இங்கயே நாலு மேசை போட்டு, வெளியில உட்கார்ந்து படிக்க விடலாம்னு பாக்கறேன். நீங்க எடம் சொல்லிக் குடுத்தா நானும் ரெண்டு லைட் வாங்கிடுவேன்."

"லைட் கடைசிலதான்," என்றாள் லைட்டக்கா, கையைப் புடவையில் துடைத்தபடி. "வாங்க, மொதல்ல காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாப்போம்."