சுத்த டைட்டானியம்

வாஷிங் மெஷின் நிற்கும் பின்பக்க அறையைப் பட்டறை என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். கலைக்கூடம் என்றுதான் சொல்ல வேண்டும். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, டைட்டானியத் தகடுகளை அறுத்து ராவிக் கத்தி செய்ய ஆரம்பித்ததிலிருந்து அவருடைய பாஷையே வேறாகிவிட்டது. அவர் தகட்டைத் தேய்ப்பதில்லை. உள்ளே உறங்கும் வடிவத்தை விடுவிக்கிறார். மனைவி அவரைச் 'சிற்பி' என்று கூப்பிட்டாள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இதுவரை அவருடைய கத்திகள் கண்ணாடி அலமாரியைத் தாண்டி எங்கும் போனதில்லை. முதன்முதலாக ஒன்று வேலைக்குப் போகிறது. மனைவியின் தம்பி கடலில் மூழ்கி, பழைய போர்க்காலத்து வெடிகளை அகற்றுகிறவன். அவற்றில் சில, பக்கத்தில் இரும்பு வந்தாலே விழித்துக்கொள்ளும். அதனால் அவன் உடம்பில் குண்டூசி அளவுகூட இரும்பு இருக்கக் கூடாது. போன முறை அவனுடைய டைட்டானியக் கத்தி சேற்றில் நழுவிவிட்டது. மாற்றுக் கத்தி வந்து சேரவில்லை. "நானிருக்கும்போது நீ ஏன் கவலைப்படறே" என்றார் அத்தான்.

தம்பியைக் கப்பலுக்குக் கூட்டிப்போகும் வேன் கீழே வந்து நின்றுவிட்டது. அவர் கத்தியை வெல்வெட் துணியில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

"மாப்ள, இது கத்தி இல்ல. ஒரு தத்துவம்."

"கயிறு அறுக்குமா அத்தான்?"

"அறுக்கும்."

"அப்ப தத்துவமும் இருந்துட்டுப் போகட்டும்."

அத்தோடு கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் கைதட்டல் இல்லாமல் மேடையிறங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பையிலிருந்து நூலில் கட்டிய சின்னக் காந்தத்தை எடுத்தார். அலகின் மேல் தொங்கவிட்டார். காந்தம் தியானத்தில் உட்கார்ந்த மாதிரி நேராக நின்றது. "பாத்தியா? சுத்த டைட்டானியம்" என்று அவர் சொல்லும்போதே சமையலறையிலிருந்து அக்கா கூப்பிட, தம்பி அந்தப் பக்கம் திரும்பினான். இவர் காந்தத்தைக் கைப்பிடிப் பக்கம் நகர்த்தினார்.

மரக் கைப்பிடியைத் தகட்டோடு இறுக்கும் ஆணிகளில் கடைசி ஆணிக்கு நேரே வந்ததும் காந்தம் சாய்ந்தது. 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது.

அவர் கையை மூடிக்கொண்டார்.

கத்தியைச் செய்தபோது அந்த ஒரு ஆணிக்கு மட்டும் டைட்டானியக் கம்பி போதவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் கம்பியைக் காந்தத்தில் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. அதைத் துளையில் இறக்கி, தலை தட்டையாகும்வரை சுத்தியலால் அடித்து, மெருகேற்றிவிட்டார். அப்புறம் வைத்துப் பார்க்கவில்லை. அடிபட்டால் எவர்சில்வர் குணம் மாறிக் காந்தத்துக்கு இழுபடும் என்று எங்கோ படித்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞானம் வரும் நேரத்தைப் பாருங்கள்.

தம்பி திரும்பி வந்து கத்தியை எடுத்துக் கெண்டைக்காலில் கட்ட ஆரம்பித்தான்.

"கப்பல்ல எல்லாத்தையும் சோதிப்பாங்கல்ல?" என்றார் அவர்.

"நேத்தே சோதிச்சு மூட்டை கட்டியாச்சு. இதைக் கேட்டா அத்தான் செஞ்சது, சுத்த டைட்டானியம்னு சொல்லிடுவேன். வீட்டு மனுஷங்களை நம்பாம யாரை நம்பறது?"

அவர் கையை நீட்டினார். "கொஞ்சம் கொடேன், இன்னொரு தரம் மெருகு போட்டுத் தர்றேன். மனசு நிறையல."

"மீனுக்கென்ன மெருகு தெரியப்போவுது?"

கீழே ஹாரன் அடித்தது. அக்கா சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணித்தாள். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அரிசி அளவு இரும்பு. ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்தப் 'போகலாம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளை மூடியவர் அவர்.

"மாப்ள, கொஞ்சூண்டு இரும்பு இருந்தா ஒண்ணும் ஆவாதில்ல? பொதுவாக் கேக்கறேன்."

"பொதுவா ஒண்ணும் ஆவாது அத்தான். ஆனா, ஏன் ஆச்சுன்னு கேக்கறதுக்குத்தான் ஆள் இருக்காது." சிரித்துக்கொண்டே பையைத் தூக்கி வாசலுக்குப் போனான்.

செருப்பு மாட்டினான். படியில் இறங்கினான். முதல் திருப்பம்வரை காலடி கேட்டது.

"கழட்டு" என்றார் அவர். காலடி நிற்கவில்லை. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து மறுபடி சொன்னார். "அதைக் கழட்டு. அதுல இரும்பு இருக்கு."

தம்பி நின்றான். மேலே பார்த்தான்.

"சுத்த டைட்டானியம்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"ஒரு ஆணி. அதுக்கு மட்டும் எவர்சில்வர்."

"சொல்லணும்னு தோணலையா?"

தம்பி மேலே ஏறி வந்து கத்தியைக் கழற்றிக் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு பின்பக்க அறைக்கு ஓடினார்.

ஆணியை எடுக்கத் துளையிடும் மெஷினை வைத்தால் நேரமாகும், இரும்புத் தூளும் சேரும். கத்தியை மேஜையிலிருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கினார். வாரக்கணக்கில் எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கிய மரக் கைப்பிடியில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். மரம் பிளந்தது. இன்னும் அடித்தார். சில்லுகள் வாஷிங் மெஷின் மேல் தெறித்தன. ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடித்து, முறுக்கி, பிடுங்கினார். ஹாரன் விடாமல் அடித்தது. மொட்டைத் தகட்டைத் துணியால் துடைத்து, துளைகளை ஊதி, காந்தத்தையும் சேர்த்துத் தம்பியிடம் நீட்டினார்.

"வேற எதுவும் இருக்கா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நீயே பாரு."

தம்பி நூலைப் பிடித்தான். நுனியிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக, திருப்பிப் போட்டு மறுபக்கமும், ஒவ்வொரு துளையின் மேலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். காந்தம் எங்கேயும் சாயவில்லை.

நைலான் கயிற்றைப் பிடியில் சுற்றிக்கொண்டான். ஆனால் காலில் கட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கப்பல்ல கொடுத்துப் பாக்கச் சொல்றேன் அத்தான். அவங்க சரின்னா கட்டிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் படியிறங்கினான். அவர் பின்னாலேயே திருப்பம்வரை வந்துவிட்டார், ஒரு கையில் குறடு.

"மாப்ள."

"சொல்லுங்க."

"ரெண்டு தடவை பாக்கச் சொல்லு."