முப்பது அடி ராஃபியா

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். தலைவர் நாகையா காற்றாடிக்குக் கீழே. பொருளாளர் புஷ்பவல்லி அவருக்கு வலப்பக்கம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. மண்டப வாடகையைப் பார்த்துக்கொள்ளும் சுகுமாறன் வாசலோரம், வாழையிலைச் சாப்பாடு முடித்து வந்த மந்தத்தில். செயலாளராகிய நான் நீளச் சுவரோரம் என் மேசையில், ஓவியத்துக்கு முதுகைக் காட்டியபடி.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் சங்க மண்டபத்தில் ஆறு வருடமாக அது தொங்குகிறது. இருபத்து நான்கு அடி நீளம், ஒன்பது அடி உயரம். வரைந்தவள் என் தங்கை மலர்விழி. அதில் மனிதர் இல்லை, மரம் இல்லை. மழைக்கு முந்தைய சாம்பல் நிறம் ஒன்று இடக்கோடியில் தொடங்கி, வெளுத்துக்கொண்டே போய், வலக்கோடியில் ஏறக்குறைய வெறும் துணியாக நின்றுவிடும். தூரிகையைத் தொடுவதற்கு முன் நான்கு நாள் காலி மண்டபத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாட்டிய அன்று என்னிடம், "கிட்ட நின்னு பாக்காதீங்கண்ணே. எதிர்ச் சுவர் வரைக்கும் போய் நில்லுங்க. நடுவுல இருக்கிற காலி இடமும் படந்தான்" என்றாள். அன்று எனக்கு மைக் செட்காரரைத் தேடும் வேலை இருந்தது. அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

கூட்டத்தில் பேசியது ஒன்றுதான். மண்டபத்தை இரண்டாகத் தடுத்தால் ஒரே நாளில் இரண்டு விசேஷத்துக்கு விடலாம். தடுப்பு, ஓவியத்தின் நட்டநடுவில் வந்து முட்டுகிறது.

"நடுவுல வெட்டிடலாம் லா. ரெண்டு ஹாலுக்கும் ஆளுக்கொரு படம்" என்றார் சுகுமாறன். "எது எந்தப் பாதின்னு யாருக்குத் தெரியப்போவுது?"

புஷ்பவல்லி சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். செயலாளர் என்ன சொல்கிறீர்கள் என்று நாகையா கேட்டார்.

கூட்டக் குறிப்பை முந்தைய நாளே எழுதிவைக்கிறவன் நான். பந்திங்கில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எதையும் கடைசி நேரத்துக்கு விட்டதில்லை. தீர்மானத்துக்கு மட்டும் நான்கு வரி காலி விட்டு, கீழே வழக்கம்போல 'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். குனிந்து அதைப் பார்த்தேன்.

"எழுதியாச்சு தலைவரே" என்றேன்.

வரைந்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஓவியத்தில் கைவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதையும் எழுதியது நான்தான். அவள் மறுத்தால் கழற்றி அனுப்பிவிடுவார்கள். கிள்ளானில் அவள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஆக நீளமான சுவர் பதினோரு அடி. சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டியதுதான்.

எல்லாரும் போன பிறகு அவளுக்குக் கடிதம் எழுதினேன். இடம், தேதி, பொருள். 'வெட்டுவதற்குச் சம்மதிக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துக்கு ஒரு கோடு. விளக்கை அணைக்க எதிர்ச் சுவருக்குப் போனேன். சுவிட்சுகள் அங்கேதான். அணைக்காமல் ஓவியத்தின் பக்கம் திரும்பினேன்.

நெஞ்சை ஏதாவது அடைக்கும் என்று நின்றேன். ஒன்றும் இல்லை. மண்டபம் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். தூரத்தில், சாம்பலுக்குக் கீழே, என் மேசையும் நாற்காலியும். நாற்காலியில் ஆள் இல்லை.

போன கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டி மிஞ்சிய ராஃபியா கயிறு மூலையில் கிடந்தது. ஒரு முனையை ஓவியம் இருந்த சுவரில் ஒட்டிவிட்டு, நான் நின்ற இடம் வரை இழுத்து அறுத்தேன். முப்பது அடி இருக்கும். பிறகு மேசைக்கு வந்து குறிப்பில் 'ஏகமனதாக' என்பதை அடித்து, 'மூவர் ஆதரவு, செயலாளர் எதிர்ப்பு' என்று எழுதினேன். கடிதத்தில் 'சம்மதிக்கவில்லை' என்று இன்னொரு வரி, அதற்கும் ஒரு கோடு. அடியில்: 'கயிறு, சுவரிலிருந்து அண்ணன் நின்ற இடம் வரை.'

மறுநாள் காலை தபால் நிலையத்தில், ஒட்டிய உறையைக் கவுண்டர் பெண் அமுக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்ன அங்கிள்?"

"கயிறு."

எடை போட்டாள். தபால்தலை ஒட்டுவதற்காக உள்ளங்கையால் உறையைத் தட்டையாக்கினாள். கையை எடுத்ததும் அது மெல்ல மறுபடி உப்பியது. அப்படியே கிள்ளான் பைக்குள் போட்டாள்.