கொடியில் கட்டிய கடதாசிகள்

2022 நவம்பரிலிருந்து, இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் ஞானம்பிகை குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு எந்தக் கடதாசி வந்தாலும், மறுநாள் காலை அது நாடாவாக மடிந்து பால்கனியின் உடுப்புக் கொடியில் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். அவிழ்த்தால் பழைய எழுத்து இருக்காது. ஒரு வரிதான் இருக்கும்: நீ காத்திருக்கும் ஆள் வராது.

அது தோக்கியோவில் தொடங்கியது. அவள் பதினான்கு வருடமாகப் பராமரித்த சிஞோரா ரொசாலியாவுக்கு எண்பத்திரண்டு வயதில் ஜப்பான் பார்க்கும் ஆசை வந்தது. சக்கர நாற்காலி தள்ள ஆள் வேண்டும். நான்கு நாள் பயணம். ஹோட்டல் வாசலில் நின்ற ரோபோ ஞானம்பிகைக்கு இடுப்பு வளைத்து வணக்கம் சொன்னது. பலெர்மோவில் அவளுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. தண்ணீர் வாங்கும் சாட்டில் மூன்று தரம் கீழே போய்வந்தாள். மூன்றாம் நாள் பழைய கோயிலொன்றில், மகளை நினைத்துக்கொண்டு பலன் பார்க்கும் தகரக் குழலைக் குலுக்கினாள். மகள் கேசிகா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் சித்தியோடு இருந்தாள். ஏப்ரலில் அவளுக்குப் பதினெட்டு. அதற்கு முன் விண்ணப்பம் கொடுத்தால்தான் இத்தாலிக்கு எடுக்கலாம். குழலிலிருந்து இலக்கமிட்ட குச்சி விழுந்தது; அந்த இலக்கத்து இழுப்பறையில் ஒரு கடதாசி. சிஞோராவின் கைபேசி அதைப் படித்துச் சொன்னது: நீ காத்திருக்கும் ஆள் வராது.

"கெட்ட பலனை இங்கேயே கட்டிவிட்டுப் போக வேண்டும். கட்டு," என்றாள் சிஞோரா. பக்கத்துக் கம்பியில் நூற்றுக்கணக்கில் கட்டிக்கிடந்தன. ஆனால் கோயிலில் கிடைத்ததை விட்டுவிட்டு வந்து ஞானம்பிகைக்குப் பழக்கமில்லை. கடதாசியை விட்டுவிட்டு வருவது அதைவிட இல்லை. விசா பதியும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் ஒரு துண்டு குறைந்ததற்கு ஒன்பது மாதம் அலைந்தவள் அவள். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவை வைக்கும் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள்.

மகளின் பிறப்புச் சான்றிதழ் வந்த மறுநாளே கொடியில் தொங்கியது. கீழ்வீட்டு மன்னார்க்காரி செலஸ்ரீனா அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடி, கடதாசியையும் தோய்ச்சுக் காயப்போடுறியோ?"

"தானாக் கட்டுப்படுகுதக்கா."

"அப்ப அயன் பண்ணிக் கொண்டுபோ."

அயன் பண்ணினாள். சுருக்கம் போனது, வரி போகவில்லை. கோப்பாயிலிருந்து இரண்டாவது பிரதி வந்தது, மூன்றாவதும் வந்தது. இணையத்தில் அனுப்பியதிலும் அதே வரியைத்தான் அலுவலர் காட்டினார். ஜப்பான் கடதாசியைக் கொடியில் கட்டிப் பார்த்தாள். அது மட்டும் வழுக்கி விழுந்தது. தபாலில் தோக்கியோவுக்கு அனுப்பினாள். விடிய, உறை கொடியில் தொங்கியது, கடதாசி ஃபைலுக்குள் கிடந்தது. திரும்பக் கூட்டிப்போக ஆளில்லை. பெப்ரவரியில் சிஞோரா இறந்துபோனாள்.

ஏப்ரலில் கேசிகா அழைத்தாள். "அம்மா, குடுத்திட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை."

"பரவாயில்லை. கேக் வெட்டப்போறன், பாக்கிறியளோ?"

"ஓம்," என்றாள்.

2025இல், கோப்பாயிலிருந்து மூலையில் மஞ்சள் பூசிய கேசிகாவின் கலியாணக் காட் வந்தது. ஞானம்பிகை அதைப் பிரிக்கவில்லை. விடியும்வரை விட்டுவைக்கவும் இல்லை. தடித்த அட்டை, மடியச் சிரமப்பட்டது. நீளவாக்கில் மடித்து, கொடியின் ஓரத்தில் தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள். மிச்ச இடத்தில் புதிய சிஞோராவின் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டாள்.