எண்ணெய்த் தலையோடு பவளம் பார்க்கப் போனேன்

கேளுங்க கண்ணுங்களா, இந்த வாய் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் நான் எவ்வளவோ நல்ல மனுஷி.

கண்புரை எடுத்த பிறகு உலகமே பளிச்சென்று ஆகிவிட்டது. கடலுக்கடியில் பவளத்தையும் மீனையும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டுமென்று மனசு அடித்துக்கொண்டது. காவல் போட்டுக் காப்பாற்றுகிற தீவு ஒன்றுக்கு மகன் டிக்கெட் எடுத்தான். துணைக்கு என் மருமகளின் அம்மா.

"நான் கண்ணாடிப் படகுலயே பாத்துக்கறேங்க. அடியில கண்ணாடி பதிச்சிருக்காம், நனைய வேணாம்" என்றார் அவர்.

"அதெல்லாம் வயசானவங்களுக்கு, சம்பந்தி. நான் தண்ணிக்குள்ள தலைய விட்டுத்தான் பாப்பேன்" என்றேன். அவரைவிட நான்தான் மூத்தவள்.

உப்புத் தண்ணீர் முடியைக் கெடுக்குமே என்று, கிளம்பும்போதே உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசி ஊறியிருந்தேன். தீவில் மிதவைச் சட்டை மாட்டிவிட வந்த வழிகாட்டிப் பெண்ணின் கை என் தோளில் வழுக்கியது.

"எண்ணெயாம்மா?"

"கலப்படமே இல்லாதது!"

"போச்சு. எண்ணெய், கிரீம் பூசிட்டு இங்க தண்ணில எறங்கவே கூடாதும்மா. பவளத்துக்கு ஆகாது."

"சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வரேனே?"

"சோப்புக்கும் தடை."

சம்பந்தி துண்டெடுத்துத் தேய்த்தார், தேய்த்தார். துண்டுதான் பளபளத்தது. "என்னங்க இது, மொத்த டப்பாவுமா?"

"மிச்சம் வச்சா வீணாயிடுமேன்னு..."

வழிகாட்டி சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணாடிப் படகு கிளம்பத் தயாராக நின்றது. அன்றைக்கு அதுதான் கடைசி. விட்டால் பவளமும் இல்லை, மீனும் இல்லை. ரோஷத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். சம்பந்தி நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

கீழே மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கூட்டமாகத் திரும்பின. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பவளம். எனக்கு வைக்க மறந்ததைக் கடவுள் இங்கே வைத்துவிட்டார் போல! ஆசை தாங்காமல் குனிந்து நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தினேன். நிமிர்ந்தால், தட்டகலத்துக்கு எண்ணெய்க் கறை. மீனெல்லாம் மங்கிப்போயின.

"யாருங்க அது, மறைக்கிறது?" என்றார் எதிர்வரிசைக்காரர்.

சம்பந்தி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "ஆபரேஷன் கண்ணுக்குத்தானே செஞ்சாங்க? நெத்திய எதுக்கு வைக்கறீங்க? தள்ளி உக்காந்து பாருங்க."

பார்த்தேன். ஒரு பெரிய ஆமை, அவசரமே இல்லாமல், எங்கள் காலுக்கடியில் நீந்திப் போனது. அதன் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது, கண்ணுங்களா.

"ஆமை சம்பந்தி, ஆமை!" என்று அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுதுங்க" என்றார். "கெட்டியாப் பிடிங்க, வழுக்குது."