சிக்னலில் நடுங்கும் வண்டி

என் தங்கையின் கணவருக்கு வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பெட்ரோல் போடுகிற ஆளை முறைப்பார். அப்படிப்பட்ட மேதைதான் மூன்று மாதம் முன்பு தங்கள் பதினெட்டு வருஷப் பழைய காரை என் பட்டறை வாசலில் நிறுத்தி, இறங்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல மச்சான். ஓட்டற ஆளுதான் சரியில்ல."

ஓட்டுகிற ஆள் பக்கத்து சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தங்கை. பக்கவாதம் வந்தவர்கள், விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர்கள் வீடுகளுக்குப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. டிக்கியில் ஒரு வாக்கர், மடக்குக் கட்டில், கணுக்காலில் கட்டுகிற மணல் பைகள் எல்லாம் கிடக்கும். இவற்றைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏற முடியாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. அந்த வேலை மாப்பிள்ளைக்குப் பிடிக்காது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"சிக்னல்ல நின்னா கிடுகிடுன்னு ஆடுதுண்ணா" என்றாள். "சில நேரம் அணைஞ்சே போயிடுது. எப்பவும் இல்ல. கொஞ்ச தூரம் ஓடி சூடானப்புறம்தான். பிரேக் வேற கல்லு மாதிரி இருக்கு."

"நான் ஓட்டினா ஏன் ஆடல?" என்றார் மாப்பிள்ளை.

வண்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நான் வேலை பார்ப்பதில்லை. ஒருவன் வாயாலேயே 'டுர்ர்' என்று ஓட்டிக் காட்டுவான். இன்னொருவன் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பான். எல்லோரையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் என்ன சொல்கிறது என்று கேட்பவன் நான். அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, இறங்கி பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பேன். இன்ஜின் சீராக ஓடாமல் எங்கேயாவது மிஸ் அடித்தால் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். தண்ணீர் அசையவே இல்லை. இருந்தாலும் தங்கையாயிற்றே என்று பிளக்குகளை மாற்றி அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் அவள் தனியாக வந்தாள். இன்ஜினுக்குக் காற்று விடுகிற திராட்டிலைக் கழற்றிக் கழுவினேன். ரப்பர் ஹோஸ் எதிலாவது காற்றுக் கசிகிறதா என்று ஒவ்வொன்றாக ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். கசியவில்லை. நானே நாலு தெரு சுற்றினேன். பிரேக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது, பழைய வண்டி என்று விட்டுவிட்டேன். எல்லா சிக்னலிலும் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். வண்டி நல்ல பிள்ளையாக நின்றது.

மூன்றாவது முறை வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. கைநிறைய வேலை கிடக்கிறது, இவள் இல்லாத நோய்க்கு மருந்து கேட்கிறாள்.

"கிளட்ச்சை ஒழுங்கா விடத் தெரியல உனக்கு. பாதிக் கிளட்ச்சுலயே நின்னா எந்த வண்டியும் ஆடத்தான் செய்யும்" என்றேன்.

"நிக்கும்போது நியூட்ரல்லதான் போடறேண்ணா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் மாப்பிள்ளை போன் செய்து, வண்டியை விற்கப்போகிறோம், ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆள் வருகிறது, ஒரு தடவை கழுவித் துடைத்துக் கொடுங்கள் என்றார். அவருக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! பெண்டாட்டியை வீட்டில் உட்காரவைக்க ஒரு மனுஷன் என்னவெல்லாம் காரணம் தேடுவான் என்று காறித் துப்பாத குறையாகப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை காலை தங்கை வண்டியைக் கொண்டுவந்தாள். பட்டறைக்குள் விட்டவள் இறங்கவில்லை. பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்கு, கழுவணும்."

"இரு. இப்பவும் லேசா ஆடுது பாரு."

"எங்கே ஆடுது?" என்றேன். இவள் சந்தேகத்துக்கு இன்றோடு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று பானெட்டைத் திறந்து, டம்ளரை நிரப்பி இன்ஜின் மேல் வைத்தேன்.

தண்ணீர் தளதளவென்று ஆடி விளிம்பைத் தாண்டிக் கொட்டியது.

"என்ன பண்றே நீ அங்க?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் பண்ணல. பிரேக்ல கால் வெச்சிருக்கேன்."

"எடு."

எடுத்தாள். தண்ணீர் அடங்கியது.

"மறுபடி வை."

வைத்தாள். மறுபடி கொட்டியது. இப்படி ஐந்தாறு முறை எடு, வை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே, "போதும்ணா, தண்ணி தீந்துடுச்சு" என்றாள்.

அவள் கால்மாட்டில் தலையை விட்டுக் கேட்டேன். பெடலை அழுத்தும்போதெல்லாம் உள்ளே உஸ்ஸென்று காற்று இழுத்தது. பிரேக் பூஸ்டர். கால் கொஞ்சம் அழுத்தினாலே பிரேக் நன்றாகப் பிடிப்பதற்காக இருக்கிற வட்டமான டப்பா அது. இன்ஜின் உறிஞ்சுகிற உறிஞ்சலில்தான் வேலை செய்யும். உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்துவிட்டால், பிரேக்கை மிதிக்கிற நேரம் மட்டும் அந்தக் கிழிசல் வழியாக இன்ஜினுக்குள் வேண்டாத காற்றுப் போகும், இன்ஜின் நடுங்கும். சூட்டில் ரப்பர் இளகினால் இன்னும் மோசம். பூஸ்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ஹோஸைப் பிடுங்கிக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மிதிக்கச் சொன்னேன். இன்ஜின் ஆடவில்லை. இதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

"நின்னா என்னை மாதிரி, அவரை மாதிரி ஹேண்ட்பிரேக் போட்டா என்ன? எதுக்குக் காலை வெச்சுக்கிட்டே இருக்கே?"

"ஒரு தடவை மேட்டுல சரியா இழுக்காம வண்டி ஒரு அடி பின்னாடி போயிடுச்சு. அதை வெச்சே அவர் ஒரு மாசம் பேசினார். அன்னிலேர்ந்து நின்னா நான் காலை எடுக்கறதில்ல."

கல் மாதிரி இருந்த பிரேக்கோடு மூன்று மாதம் இவள் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள். முதல் நாளே சொன்னாள்.

"இதை அவர்கிட்ட சொல்லு" என்று போனைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

சொன்னேன். கோளாறு வண்டியில்தான், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அழுதாளா மச்சான்? தங்கச்சி அழுதா யாருக்கும் மனசு இளகத்தான் செய்யும். கிளட்ச்னு சொன்னதே நீங்கதானே? அண்ணனே சொல்லிட்டார்னுதானே இவளும் விக்க ஒத்துக்கிட்டா."

போனை அவளே வாங்கி அணைத்தாள்.

"வண்டி என் பேர்லதான் இருக்கு" என்றாள். "கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் எப்பவோ சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதை நான் ஒரு நாளும் நம்பலண்ணா. நீ சொன்னே, நம்பிட்டேன். ராத்திரி வீட்ல நாற்காலில உக்காந்து கிளட்ச்சுலேர்ந்து காலை எப்படி விடறோம்னு பழகிப் பாத்திருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வாங்க வருகிறவரின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம், வண்டி விற்பதற்கு இல்லை என்று அவள் சொன்னாள். அரை நிமிஷத்தில் பேச்சு முடிந்தது.

பூஸ்டர் வாங்கி வந்து மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வேலை முடிந்தால் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் நான்தான். வழக்கம்போல சாவிக்குக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"நீ அந்தப் பக்கம் உக்காரு."

உட்கார்ந்தேன். சந்தையைச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டி, பெரிய மேட்டில் ஏறி இறங்கினாள். கியர் மாற்றியதே தெரியவில்லை. சிக்னல்களில் வண்டி கொஞ்சம்கூட ஆடவில்லை. குறுக்கே வந்த லாரிக்கு அவள் ஒதுங்கிக் கொடுத்த மாதிரி நான் ஒதுங்கியிருக்க மாட்டேன், திட்டியிருப்பேன். பத்து வருஷமாக அவள் வண்டி ஓட்டுகிறாள். அவள் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.