பத்தாயிரம் மூட்டை

"இவரை அங்கால நிக்கச் சொல்லு, பிள்ளை. வாய்க்கரிசி எங்கட ஆக்கள் போடுறது."

பெரியப்பா தட்டிலிருந்து அள்ளிய அரிசியை ஒரு கையில் பொத்தியபடி, மற்றக் கையால் கொரியாக்காரரான பாக்கை மறித்தார். துர்க்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவுச் சடங்குக் கூடத்தில், திறந்த பெட்டிக்குள் அப்பா பட்டுவேட்டியோடு கிடந்தார்.

வன்னியில் குளங்களைப் பராமரித்த நீர்ப்பாசன உத்தியோகத்தர் அப்பா. ரொறன்ரோவில் இருபது வருடம் கார் பார்க்கிங் காவல். டோர்செட் பார்க் குடியிருப்பில் அப்பாவுக்கு மேல்மாடிக்காரரான பாக், கொரியாவில் நெல் விதைத்த குடும்பம். அவருடைய ஊரில் ஆயிரத்து எழுநூறு வருடப் பழைய அணைக்கட்டு ஒன்று இருந்தது. மூன்று கிலோமீற்றர் மண்கட்டு, தண்ணீர் திறந்துவிட ஐந்து துருசு. எந்தத் துருசுத் தண்ணீர் எந்த வயலுக்குப் போயிருக்கும் என்று ஞாயிறுதோறும் இருவரும் குசினி மேசையில் படம் கீறிச் சண்டை பிடிப்பார்கள்.

"கொரியாக்காரன்ர குளத்தால இவனுக்கென்ன?" என்று சிரித்தவர் பெரியப்பா. பக்கத்து நகரான விட்பியிலிருந்து அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஒருநாளும் வராதவர்.

"கடைசி மாசம் அப்பான்ர வாயில கஞ்சி வைச்சது இவர்தான்," என்றாள் துர்க்கா. "நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"சபையில கதைக்கிற கதையே இது?"

"ஓம். இங்கதான் கதைக்கவேணும். வழி விடுங்கோ."

பெரியப்பா விலகினார்.

பாக் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டின்னும் மரக்கரண்டியும் எடுத்தார். டின்னில் ஊறவைத்த பச்சையரிசி. எங்கள் ஊரிலும் இப்படித்தான், மூன்று தரம் போடுவோம் என்று அவளிடம் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். முதற்கரண்டிக்கு நூறு மூட்டை, அடுத்ததற்கு ஆயிரம் மூட்டை, மூன்றாவதற்குப் பத்தாயிரம் மூட்டை என்று சொல்லிப் போடுவார்களாம். போகிற வழியில் பசிக்கக் கூடாதாம். மூன்று கரண்டியையும் அப்பாவின் வாயில் வைத்தார். ஒரு மணியும் சிந்தவில்லை.

அடுத்த குடும்பம் வெளியே காத்து நின்றது. எல்லோரும் போட்டாயிற்றா என்று கூடத்து ஊழியர் துர்க்காவிடம் கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெரியப்பாவின் கை போடாத அரிசியை இன்னும் பொத்தியபடியே இருந்தது. அவர் சுவரோரமாக யாருக்கோ முறைப்பாடு சொல்லிக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்று தலையாட்டினாள். "மூடலாம்."

மூடி இறங்கிய சத்தத்துக்குத்தான் அவர் திரும்பினார். கையை விரித்துப் பார்த்தார். வியர்வையில் நனைந்த அரிசி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.