கிழட்டுக் கார்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை

துரைமார்களுக்கு ஒரு கிளப் இருந்தது. சீட்டாடிக் குடிக்கிற கிளப் வேறு, இது கிழட்டுக் கார்களுக்கான கிளப். பெரிய சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்திறங்கிய கார் யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும்தான் இதில் சேரலாம். வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கார்களைப் பளபளவென்று துடைத்து, வரிசையாக ஓட்டிக்கொண்டு ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போவார்கள். பகல் சாப்பாடு முடிந்ததும் வேறு ரோட்டால் திரும்புவார்கள். கொட்டகையில் புதுக் காரை வைத்துக்கொண்டு எதற்கு இப்படிக் குலுங்கிச் சாக வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். காசிருக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டும், வேறென்ன.

அதில் எனக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. கட்டை வைப்பது. அந்தக் கார்களுக்கு பிரேக் என்பது பேருக்குத்தான். ஏற்றத்தில் நின்றுவிட்டால் பின்னால் உருள ஆரம்பித்துவிடும். உடனே குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கீழே மரக்கட்டையைச் செருக வேண்டும். காருக்கு ஒருவன் வீதம் ஆள் வைத்திருந்தார்கள். நான் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். கால் சுறுசுறுப்பு என்று எங்கள் பெரிய துரை என்னைப் பிடித்துப் போட்டார். கட்டையும் தண்ணீர் டின்னுமாகக் காரின் பக்கப்படியில் தொங்கிக்கொண்டு போவேன். நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், லயத்தில், என்னை 'படி துரை' என்று கேலி செய்வார்கள்.

துரையின் பழைய காரை ஓட்டுகிறவன் முத்துவீரன். லயத்தில் என் அறைக்கு அடுத்த காம்பராக்காரன். என்னைவிட இளையவன், அதிகம் பேசமாட்டான். அவன் பெண்சாதி அழகம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அப்படி இருந்தவள்தான்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வருஷக் கடைசியில் காய்ச்சல் வந்தது. மழை பொய்த்து ஆறு வற்றி, பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டதால் வந்த மலேரியா என்று மருந்துக்கார ஐயா சொன்னார். எதனால் வந்தால் என்ன, வந்தது. கீழே சிங்களக் கிராமங்களில் வீடு வீடாகச் சாவு. எங்கள் உடபேரியத் தோட்டத்து லயங்களிலும் விழுந்தது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துரை இந்தக் கிழட்டுக் காரைக் கொடுத்தார். புதுக் காரில் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை, இதையாவது கொடுத்தாரே என்று அன்றைக்குக் கும்பிட்டோம்.

முத்துவீரன் லயத்துக்குக் கீழே காரை நிறுத்தி ஹோர்ன் அடிப்பான். பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுவான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குச் சுத்தமான துணி உடுத்தி அனுப்ப வேண்டும் என்று மருந்துக்கார ஐயாவின் கட்டளை. ஆகவே முகம் கழுவி, வெளுத்த துணி உடுத்தி, பின்சீட்டில் கிடத்துவார்கள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியை நான் குறை சொல்லமாட்டேன், மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதானே அனுப்பினோம். ஆனால் லயத்துக் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கார் வரும், ஆள் போகும், ஆள் வராது. கடைசியில் ஹோர்ன் சத்தம் கேட்டாலே பொம்பிளைகள் பிள்ளைகளை விறகுப் பரணில் ஏற்றிச் சாக்கால் மூடினார்கள்.

முத்துவீரனின் மூத்த மகனும் அந்தக் காரில்தான் போனான். "ஒரு கெழமையில கூட்டியாந்துர்றேன் புள்ள" என்று அவன் சொன்னதை நம்பி, அழகம்மா தானே பையனைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தாள். ஏழு நாள் கழித்து அவன் பையனின் சட்டையோடு வந்தான். அன்றைக்கு அவள் அழவில்லை. இடுப்பில் இருந்த சின்ன மகள் ராக்காயியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இவளக் கேட்டு அந்தக் காரு இங்க வரப்படாது. வந்தா, நீங்க எனக்குப் புருசன் இல்ல."

அடுத்த வருஷம் காய்ச்சல் அடங்கியது என்று கவுண்மேந்து அதிகாரிகள் சொன்னார்களாம். அடங்கவில்லை, விட்டுவிட்டு வந்துகொண்டுதான் இருந்தது. காய்ச்சல் அடங்கிய மகிழ்ச்சி என்று கிளப்காரர்கள் ஒரு ஊர்வலம் வைத்தார்கள். காய்ச்சலில் நொந்தவர்களுக்கு நிதி சேர்க்கவாம். பகல் சாப்பாடு எங்கள் தோட்டத்து பங்களாவில். இதைக் கேட்டு நான் சிரிக்காமல் நின்றது எனக்கே ஆச்சரியம்தான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சத்தமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காருங்க வருது. புள்ளகுட்டிக்கெல்லாம் வெளுத்த துணி உடுத்தி, லயத்து ரோட்டுல வரிசையா நிக்கணும். தொரமாருக்குக் கை காட்டணும்."

வெளுத்த துணி என்ற பேச்சு வந்ததுமே பொம்பிளைகளின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். சும்மா பவனி வருகிறார்கள், யாரையும் ஏற்றமாட்டார்கள் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். "ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வாங்களோ, படி தொர?" என்று கேட்டாள் என் பெண்சாதி.

சனிக்கிழமையே நாங்கள் காரோடு, ஊர்வலம் கிளம்புகிற அவிசாவளைக்கு இறங்கிவிட்டோம். புறப்படும்போது ராக்காயிக்கு லேசாக உடம்பு சுட்டது. சளி என்றாள் அழகம்மா. முத்துவீரன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

ஞாயிறு காலை எட்டுக் கார்கள் கிளம்பின. வழியில் ஒன்றுக்குச் சக்கரம் கழன்றது, ஒன்றுக்குத் தண்ணீர் கொதித்தது, துரைமார்கள் அதற்கெல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். தெரணியகலை கடைத்தெருவில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அங்கேதான் பளீல் நானா வந்தார். எங்கள் தோட்டத்துக்கு லொறியில் அரிசி ஏற்றி வந்து, காய்ந்த ரப்பர் சீட்டுகளோடு திரும்புகிற வியாபாரி.

"முத்துவீரன், ஒங்கட புள்ளக்கி கடுமையாம்" என்றார். "ராவையிலேந்து கண் தொறக்கல்லயாம். மலையால எறங்கி வந்த பொறகு ஒங்கட தோட்டத்துக் காவக்கார வோச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கயே தெரிஞ்சா ஏத்திட்டு வந்திருப்பனே."

முத்துவீரன் கையிலிருந்த தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு நேராகத் துரையிடம் போனான். நானும் பின்னால் போனேன். துரைமார் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று அவன் பேசினதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"தொர, எம் மகளுக்குக் காய்ச்சலுங்க. ஒண்ணு போயிருச்சு, இது ஒண்ணுதாங்க இருக்கு. திரும்பி எறங்கிறப்போ பின்சீட்டுல ஏத்திக்கிட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுப் போகணுங்க."

ஊர்வலம் திரும்புகிற ரோடு ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகிறது. துரை யோசிக்கவில்லை. "கொண்டு வா. சாப்பாடு முடியிற நேரம் பிள்ளை காருக்குள்ளே இருக்க வேணும்" என்றார். கிளப்பின் செயலாளர், மீசை நரைத்த துரை, என்னவோ ஆட்சேபம் சொன்னார். கிளம்பும்போது ஏறியவர்களைத் தவிர வேறு ஆளை ஏற்றக்கூடாது என்று கிளப்புக்குச் சட்டமாம். "என் கார், என் ஆள்" என்று எங்கள் துரை வெட்டிப் பேசினார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது, மறைப்பானேன்.

முத்துவீரன் காரை மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுபோய்விட்டான். அந்தக் கிழட்டு வண்டி அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. ஒரு வளைவில் மூச்சு முட்டி நின்றது. நான் கட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றும்போது அவன் காதோடு கேட்டான்.

"மூக்கையாண்ணே, அவ புள்ளையக் குடுப்பாளா?"

"நீ கேட்டாக் குடுக்காமலா?"

"தொரயே கூட வாராரு. தொரயப் பாத்தா நம்புவா, இல்லண்ணே?"

"நம்புவா" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

நான் சொல்ல மறந்த ஒன்று இருக்கிறது. விருந்து வைக்கிற தோட்டத்துக்குள் நுழையும்போது எல்லாக் கார்களும் ஒன்றாக ஹோர்ன் அடிப்பது அந்தக் கிளப்பின் வழக்கம். வளைவில் நாங்கள் நின்றுபோனதால், எங்கள் தோட்டத்து வாசலில் மற்றக் கார்கள் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டன. லயம் தெரிகிற வளைவில் ஆரம்பித்தார்கள். எங்கள் துரையே முன்சீட்டிலிருந்து எட்டி, ஹோர்னின் ரப்பர் உருண்டையைப் பிடித்து அழுத்தினார்.

"வேணாங்க தொர, அடிக்காதீங்க! ஆளுங்க பயந்துருவாங்க!" என்று முத்துவீரன் கத்தினான். எட்டு ஹோர்ன் சத்தத்தில் அது யார் காதில் விழும்? துரை சிரித்தபடி இன்னும் பலமாக அழுத்தினார்.

லயத்து ரோட்டில் ஒருவரும் இல்லை. என் வீட்டு அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அழகம்மாவின் காம்பராவில் பாய் மட்டும் கிடந்தது. பாய் ஈரமாயிருந்தது. கணக்கப்பிள்ளை ஒருவர்தான் வியர்த்துப்போய் நின்றார்.

"ஒரு காரு வந்தப்பவே லயத்துல பாதி போச்சு, எட்டுக் காரு வருதுன்னு எவளோ கத்துனா. அம்புட்டுத்தான். புள்ளைங்கள அள்ளிக்கிட்டு அத்தன பேரும் காட்டுக்குள்ள பூந்துட்டாங்க."

நாங்களும் காட்டுக்குள் ஓடினோம். முத்துவீரன் "அழகம்மா! அழகம்மா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். காய்ச்சல் காலத்தில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இதே குரல்தான். "நீ கூப்புடாத, நான் கூப்புடுறேன்" என்று சொல்லி நான் கூப்பிட்டேன். என் சொந்தப் பெண்சாதியே பதில் கொடுக்கவில்லை. நானும் அந்தக் காரின் படியில் வந்தவன்தானே. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஒன்றும் அகப்படாமல் லயத்துக்கு இறங்கி வந்தபோது துரை குடையோடு நின்றிருந்தார். மற்றக் கார்கள் கிளம்பிப் போய்விட்டன. அவர் காத்திருந்தார், பொய் சொல்லக்கூடாது.

"எங்கே பிள்ளை?"

"இன்னும் காணலீங்க தொர. கொஞ்சம் பொறுங்க, கண்டுபுடிச்சிருவேன்."

துரை காலியான லயத்தை ஒரு பார்வை பார்த்தார். விருந்தாளிகளுக்கு முன்னால் தன் ஆட்கள் தன்னைக் கண்டு ஓடியது அவருக்கு அவமானம். முகம் சிவந்திருந்தது. "நான் வார்த்தை கொடுத்தேன். நீ பிள்ளையைக் கொண்டு வரவில்லை. நான் என்ன செய்ய?" என்றார். ஃபெக்டரி எஞ்சின்காரனைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லி, ஊர்வலத்தைப் பிடிக்கப் போய்விட்டார். காரை நிறுத்திவிட்டுப் போங்கள் என்று கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை, விட்டுப் போக அவருக்கும் தோன்றவில்லை. அவர் செய்ததில் குற்றம் என்று விரல் நீட்ட ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கு மேலே, பாறை கூரைபோலக் கவிந்த இடத்தில் அவர்களைக் கண்டோம். லயத்துப் பொம்பிளைகள் நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், என் பெண்சாதியும்தான். அழகம்மா சேலையைப் பாதி அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றியிருந்தாள். முத்துவீரனைக் கண்டதும் பின்னால் நகர்ந்தாள்.

"காருங்க போயிருச்சா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"போயிருச்சு தாயி. ஒண்ணும் இல்ல."

அப்புறம்தான் பிள்ளையைத் தொடவிட்டாள். ராக்காயியின் உடம்பு கொதித்தது, கைகால் மட்டும் சில்லிட்டிருந்தது. வாயில் விட்ட தண்ணீர் ஓரமாக வழிந்தது.

கம்பிளியைக் கம்பில் தூளியாகக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் வைத்து மழையோடு மழையாக இறங்கினோம். அழகம்மா பக்கத்திலேயே தூளிக்குள் கைவிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்தபடி வந்தாள். நடந்து போவதால் அவள் மறுக்கவில்லை. தெரணியகலைக்கு வந்தால் பளீல் நானாவின் லொறி திரும்பியிருக்கும், அவளிடம் எதையாவது சொல்லி ஏற்றிவிடலாம் என்று முத்துவீரன் என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அதை வைத்துத்தான் அவன் கால் நடந்தது.

பாலத்துக்கு முன்னால் அழகம்மா நின்றுவிட்டாள். அவள் கை தூளிக்குள்ளேயே இருந்தது. "எறக்குங்க" என்றாள். இறக்கினோம். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

முத்துவீரன் ரோட்டில் அப்படியே குந்திவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு புலம்பினான்.

"நான் இவள ஆஸ்பத்திரிக்கு ஏத்திப் போகத்தானே புள்ள வந்தேன். தொரகிட்டக் கெஞ்சி, சீட்டுல எடம் வாங்கிக்கிட்டு வந்தேனே. கூப்புட்டேனே, ஒனக்குக் கேக்கலயா?"

அழகம்மா பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு" என்றாள். "ஏத்திப் போகத்தான் வாறீங்கன்னு தெரிஞ்சுது. அதனாலதான் ஓடுனேன்."

நான் கம்பிளியை மடித்து எடுத்துக்கொண்டேன். வந்த வழியே எல்லோரும் மேலே நடந்தோம்.